பை புறப்பட்டுவிட்டது

கிட்டு சாருடைய பை டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. நீல நிறம், நாலு சக்கரம், இருபத்துமூன்று கிலோ. வாசலிலிருந்து நான்தான் உள்ளே தூக்கி வந்து ஹால் அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஆகவே இந்த விஷயத்தில் நான் ஒரு சாட்சி. பின்னால் அதை என்னிடம் நாலு இடத்தில் கையெழுத்தாகவும் வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு முடிச்சூரில் ஒரு ஹார்டுவேர் கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குத் தெற்கே, எங்கள் அப்பா நெல் போட்ட நிலத்தில், இப்போது மூன்று மாடி நிற்கிறது. அதில் இரண்டாவது மாடி கிட்டு சாருடையது. அறுபத்தெட்டு வயது. ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் கோடு போட்டவர். தான் போட்ட கோடு அரை மில்லிமீட்டர்கூடத் தப்பியது கிடையாது என்பார். பொய்யாக இருக்காது. அவருக்குப் பொய் வராது. இதில் நடந்த எல்லாக் கெடுதலுக்கும் அதுதான் காரணம்.

அவர் மகள் மிருதுளா வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்த நாட்டின் நிரந்தர வசிப்பாளர் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தாள். எந்த நாடு என்று எழுத வேண்டாம் என சார் கேட்டுக்கொண்டிருக்கிறார். குளிர் நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுச் சட்டத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஐந்து வருஷத்தில் எழுநூற்று முப்பது நாள் அங்கே இருந்தாக வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் நிரந்தரம் போய்விடும்.

"நிரந்தரம்னு பேர வெச்சிக்கினு நாள எண்றானுங்களே சார்?" என்று ஒருதரம் கேட்டேன்.

"எண்ணாம விட்டா அது எப்படி நிரந்தரமா இருக்கும், தினகரன்?" என்றார். அப்போது அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இந்தத் தடவை அவர் தனியாக வந்திருந்தார். அண்ணனுடைய முதல் வருஷத் திவசம். மூன்று வாரம் இருந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அவர் மனைவி பாலாம்பாள் மாமி நவம்பரில் ஐஸில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து அங்கேயே படுத்திருந்தார். ஒரு ஆபரேஷன் முடிந்தது. இரண்டாவது பிப்ரவரி இருபதாம் தேதி. கட்டிலிலிருந்து குளியலறைக்கு மாமியைப் பிடித்து நடத்திப் போக வேண்டும். மிருதுளா காலையில் போனால் சாயங்காலம் வருகிறவள். பிடித்து நடத்த ஒரே ஆள் கிட்டு சார்.

அவர் கார்டு டிசம்பர் பதினாறு வரை. விமானம் பதினாலு. "ரெண்டு நாள் கையில இருக்கு" என்றார். ஆனால் பதினாலாம் தேதி அஷ்டமி.

அதற்குத்தான் பரஸ்தானம். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பையைக் கொண்டுபோய், போகிற திசையில் இருக்கிற வேறு ஒருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். பை கிளம்பினால் ஆள் கிளம்பின மாதிரி. பிறகு அஷ்டமியில் விமானம் ஏறினாலும் தோஷம் இல்லை. ஒன்றே ஒன்று, வைத்த பை திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் பயணம் முறிந்துபோகும். குளிர் நாடு வடக்கே இருக்கிறதாம். சாருக்கு வடக்கே எங்கள் வீடு.

பதின்மூன்றாம் தேதி மழை பிடித்தது. பதினாலாம் தேதி எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். பையை நான் அலமாரி மேல் ஏற்றினேன். அடுத்த விமானம் பதினேழாம் தேதிதான் கிடைத்தது. கவுண்டரில் இருந்த பெண் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது நேத்தோட முடிஞ்சிடுச்சு" என்றாள், பால் கெட்டுப்போனதைச் சொல்வது மாதிரி.

பையை மறுபடி எங்கள் வீட்டிலேயே வைத்தோம். அவர் மாற்றுத் துணிக்கு மேற்குத் தாம்பரத்தில் ரெண்டு வேட்டி வாங்கிக்கொண்டார். பைக்குள் பத்துச் சட்டை இருந்தது.

*

கார்டு செத்துவிட்டால் ஒரு பயணக் கடிதம் வாங்க வேண்டும். அதற்கு விண்ணப்பம் முப்பத்தொரு பக்கம். அவர் வீட்டில் கரண்ட் வரவில்லை என்பதால் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். பெரிய எழுத்து, கறுப்பு மை. அவர் கணக்குப்படி எழுநூற்று நாற்பத்தொரு நாள். பதினொரு நாள் உபரி.

பதினாலாவது கேள்வியில் நின்றார். 'ஒவ்வொரு பயணத்திலும் நீங்கள் வீட்டை விட்டுப் புறப்பட்ட தேதி.' அதற்குக் கீழே தடித்த எழுத்தில், 'தவறான தகவல் தருவோர் நிரந்தரமாகத் தடை செய்யப்படுவர்.'

"விமானம் ஏறின தேதியைக் கேக்கலை பாருங்கோ. அது பதினஞ்சாவது கேள்வி. இது வீட்டை விட்டுப் புறப்பட்ட தேதி" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

"எப்படி ஒண்ணாகும்? அங்கேருந்து அஞ்சு தடவை கிளம்பியிருக்கேன். அஞ்சு தடவையும் பக்கத்து வீட்டுல பரஸ்தானம் வெச்சிருக்கேன். பரஸ்தானம் வெச்சா புறப்பட்டாச்சு. அதுக்கப்புறம் ஆத்துல இருக்கறது சும்மா இருக்கறது."

அந்த இடத்தில் நான் அவரைத் தடுத்திருக்க வேண்டும். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. "ஆமா சார், கெளம்பியாச்சுன்னா கெளம்பியாச்சு" என்றேன். தனித்தாள் வைத்து விளக்கமும் எழுதி இணைத்தார். என் மனைவி சந்திரிகா அடுப்படியிலிருந்து, "கேக்காததுக்கு எதுக்கு பதில் எழுதிக்கினு கீறீங்க?" என்றாள். நாங்கள் காதில் வாங்கவில்லை.

*

விண்ணப்பம் வாங்குகிற மையம் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரு துணிக்கடைக்கு மேல் மூன்றாவது மாடி. 'நிரந்தர வசிப்பாளர் அக்கறை மையம்' என்று பெயர். குளிர் நாட்டுக்காக ஏதோ ஒரு கம்பெனி நடத்துகிறது. லிஃப்டில் ஏறும்போதே எல்லோரும் பையிலிருந்து ஸ்வெட்டர் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். கதவு திறந்ததும் ஏன் என்று தெரிந்தது. விண்ணப்பதாரர்களுக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று அங்கே ஏசியை அந்த நாட்டுக்குச் சரியாக வைத்திருக்கிறார்கள். எதிர்ச் சுவரில் பெரிதாக, 'உங்கள் நாட்கள், எங்கள் அக்கறை.' அதற்குக் கீழே ஒரு பலகை. டோக்கன் நம்பர், பக்கத்தில் அந்த ஆள் குளிர் நாட்டில் இருந்த நாள்.

எங்கள் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு எலுமிச்சம்பழ சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞானம்மாள் என்று பெயர், பள்ளிக்கரணை. ரெண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் வருகிறாராம்.

"புதுசா? பதினாலாங் கேள்விக்கு இன்னா எழுதின சார்?"

"உண்மையை எழுதினேம்மா."

அந்த அம்மா டிபன் டப்பாவை மூடினார். சாவு வீட்டில் பார்ப்பது மாதிரி சாரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

பலகையில் சாருடைய டோக்கன் வந்தது. பக்கத்தில் எழுநூற்று நாற்பத்தொன்று, பச்சை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தது. நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. முப்பதில் கொஞ்சம் நின்றது. பிறகு எழுநூற்று இருபத்தொன்பதாகி சிவப்பாக மாறியது. கவுண்டரில் ஜெரூஷா என்று பெயர்ப் பட்டை குத்தின பெண், "வாழ்த்துகள் சார், உங்க ஃபைலை மேனேஜரே பாக்கறார்" என்றாள்.

மேனேஜர் பெயர் ஷ்யாம்சுந்தர். நாற்பது வயது இருக்கலாம். குரல் பஞ்சு மாதிரி. எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, வெந்நீர் கொடுத்தார்.

"உங்க விளக்கத்தை ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம் சார். இவ்ளோ ஹானஸ்ட்டா ஒரு அப்ளிகேஷன் எங்க சர்வீஸ்ல வந்ததில்ல. அதான் ப்ராப்ளம். பொய் சொல்றவங்களுக்குன்னு எங்ககிட்ட ஒரு ப்ரொசீஜர் இருக்கு, மூணு நாள்ல முடிஞ்சிடும். உண்மைக்கு அப்படி எதுவும் இல்ல. புதுசா கட்டணும்."

"மூணு, ரெண்டு, மூணு, ரெண்டு, ரெண்டு. பன்னிரண்டு நாளைக் கழிச்சிருக்கேள்" என்றார் கிட்டு சார். "ஆனா அந்தப் பன்னிரண்டு நாளும் நான் அங்கதான் இருந்தேன். அதே வீட்டுல. அதே கட்டில்ல."

"சும்மா இருந்ததா எழுதியிருக்கீங்க சார்."

"ஆமா."

"சும்மா இருக்கறது வசிக்கறது இல்ல சார். வசிக்கறதுன்னா ஒரு இன்டென்ஷன் வேணும். நீங்க கிளம்பியாச்சுன்னு முடிவு பண்ணிட்டு அந்த நாட்டோட கட்டில்ல படுத்திருக்கீங்க."

"ஒரே ஒரு நாள் சார்" என்றேன் நான். "வூட்ல அவரு சம்சாரம் நடக்க முடியாம கெடக்குது. பிப்ரவரில ஆபரேஷன். கொஞ்சம் பாத்து..."

ஷ்யாம்சுந்தர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் உண்மையான வருத்தம். "சார், நாங்க யாரையும் ரிஜெக்ட் பண்றதே இல்ல. எங்க மையத்தோட வரலாற்றுல ஒரு ரிஜெக்ஷன்கூட கிடையாது. ஃபைல் நகர்ந்துட்டே இருக்கும். ஆளுங்கதான் நின்னுடுறாங்க." பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். "உங்க கல்ச்சரை நாங்க மதிக்கறோம். பரஸ்தானம்னா என்னன்னு தகுதியான ஒருத்தர்கிட்ட சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க."

*

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சாஸ்திரிகள். கிட்டு சார் விஷயத்தைச் சொல்லி, 'பரஸ்தானம் என்பது வெறும் சம்பிரதாயம்' என்று எழுதித் தரச் சொன்னார். அவர் பஞ்சாங்கத்தைக் கீழே வைத்தார்.

"வெறும் சம்பிரதாயமா? அப்போ எதுக்கு வெச்சேள்?"

"இல்லே, அங்க அவாளுக்குப் புரியணுமேன்னு..."

"அவாளுக்குப் புரியணும்னு சாஸ்திரத்தை மாத்தி எழுதச் சொல்றேளா? நீங்களா இப்படி?"

கிட்டு சார் தலையைக் குனிந்துகொண்டார். சாஸ்திரிகள் லெட்டர் பேடில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். 'பரஸ்தானம் வைக்கப்பட்ட க்ஷணத்திலிருந்து அந்த நபர் பிரயாணப்பட்டவராகவே கருதப்படுவார். பையே அவர். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.'

"சார், இத குடுக்காத. கடல்ல போடு" என்றேன் படிக்கட்டில்.

"கேட்டு வாங்கினதை எப்படி மறைக்கறது?" என்றார்.

ஷ்யாம்சுந்தர் அதை ரெண்டு முறை படித்தார். எழுந்து நின்று கிட்டு சாருக்குக் கை கொடுத்தார். "ப்யூட்டிஃபுல் சார். இதைத்தான் நாங்க எதிர்பார்த்தோம். இனிமே சந்தேகமே இல்ல. உங்களுக்கும் உங்க குடும்பத்துல கார்டு வெச்சிருக்கற எல்லாருக்கும் பை வெச்சா புறப்பாடு. மேடத்துக்கும் இதே ரூல்தான். ரெக்கார்ட்ல ஏத்திட்டோம்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "இதுல ஒரே ஒரு சின்ன விஷயம். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி முடிச்சூர்ல பை வெச்சீங்க இல்லியா?"

"ஆமா. இவர் ஆத்துல."

"திரும்ப எடுக்கல?"

"எடுக்கப்படாது."

"அப்ப நீங்க இங்கேருந்தும் கிளம்பிட்டீங்க சார். அங்க போய்ச் சேரவும் இல்ல. சிஸ்டம்ல 'பயணத்தில்'னு வந்துடுச்சு."

அடுத்த முறை போனபோது லிஃப்ட் வாசலில் காவலாளி சாரை நிறுத்தினான். பயணத்தில் இருப்பவர்கள் மையத்துக்குள் வர முடியாதாம். உள்ளூரில் இருப்பவர்களுக்குத்தான் அனுமதி. ஜெரூஷா வெளியே வந்து பணிவாகச் சொன்னாள்: "சார், நீங்க இங்க இல்ல சார்."

"உன் எதிர்ல நிக்கறேனேம்மா."

"எனக்குத் தெரியுது சார்" என்றாள். குரலைத் தாழ்த்தி, "தயவுசெஞ்சு சத்தமா பேசாதீங்க. இல்லாதவர்கிட்ட பேசினா என் நாளைக் கழிச்சிடுவாங்க. எனக்கும் கார்டு இருக்கு" என்றாள். அவள் ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

அன்றிலிருந்து உள்ளே நான் போனேன். கிட்டு சார் கீழே துணிக்கடை வாசலில், வெயிலில் உட்கார்ந்திருந்தார். தினமும் மாமி போன் பண்ணுவார். "எப்போ வரேள்?" என்பார். சார், "பயணத்துலதான் இருக்கேன்" என்பார். அவருக்குப் பொய் வராது என்றேனே.

*

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி பையை விசாரிக்க வந்தார்கள். ஷ்யாம்சுந்தரும், எடைபோட ஒருவரும். சாரை வீட்டுக்குள் விடவில்லை. விசாரணை சுதந்திரமாக நடக்க வேண்டுமாம். பையை அலமாரி மேலிருந்து இறக்கி ஹால் நடுவில் நிறுத்தி, நாலு பக்கமும் போட்டோ எடுத்தார்கள். கைப்பிடியில் ஏதோ பவுடர் தடவி ரேகை எடுத்தார்கள்.

"டிசம்பர் பன்னிரண்டுலேருந்து இது வெளியில போயிருக்கா?" என்று கேட்டார் ஷ்யாம்சுந்தர்.

"அது எங்க சார் போவும்? ஏர்போர்ட் வரைக்கும் ஒருதரம் போயிட்டு வந்துச்சு. பூனை ஏறி உக்காரும். அவ்ளோதான்."

"உங்க கூட ஒத்துப்போகுதா?"

சந்திரிகா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே இருந்து, "ஒத்துப்போவாம இன்னா, மாமியாரு மாதிரி கேள்வியா கேக்குது? சும்மா கீது" என்று குரல் வந்தது. எடை போடுகிறவர் அதையும் எழுதிக்கொண்டார்.

போகும்போது பையின் கைப்பிடியில் ஒரு சிவப்பு டேக்கைப் பூட்டினார்கள். கத்தியால் வெட்டினாலும் வராதாம். பையைக் காப்பவர் என்ற முறையில் என்னிடம் நாலு கையெழுத்து. மறுநாள் காலையில் சந்திரிகா கூட்டுவதற்காகப் பையை ஒரு அடி தள்ளினாள். துடைப்பத்தைக் கீழே வைப்பதற்குள் என் போனில் மெசேஜ். 'பை நகர்ந்தது. காரணம்?'

அதற்கப்புறம் அந்த மூலையை நாங்கள் கூட்டவில்லை. பேசுவதானால்கூட வாசலுக்குப் போய்த்தான் பேசினோம்.

*

பிப்ரவரி மூன்றாம் தேதி முடிவு வந்தது. நான் உள்ளே போனபோது பலகையில் சாருடைய டோக்கன் பச்சையாக இருந்தது. ஞானம்மாள் என் கையைப் பிடித்தார். "பச்சை வந்தா ஜாக்கிரதையா இரு நைனா" என்றார்.

ஷ்யாம்சுந்தர் மேஜையில் பயணக் கடிதம். சீல், ஹோலோகிராம், எல்லாம்.

"சாருக்கு எழுநூற்று இருபத்தொன்பதுதான். அதுல நாங்க எதுவும் பண்ண முடியாது. ஆனா பையோட ரெக்கார்டைப் பாத்தோம். அது அந்த நாட்டுலயே வாங்கின பை. மூணு தடவை சார் வெறும் தோள்பையோட வந்திருக்கார், இது அங்கேயே இருந்திருக்கு. மொத்தம் ஆயிரத்து இருநூத்தி நாலு நாள். ரொம்ப டிசிப்ளின்டான பை." கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "சர்ட்டிஃபிகேட்ல 'பையே அவர்'னு தெளிவா இருக்கு. அதனால பை போகலாம். பை போய்ச் சேர்ந்தா சார் போய்ச் சேர்ந்த மாதிரி. ஸ்டேட்டஸ் காப்பாத்தியாச்சு."

"அப்ப இங்க கீழ உக்காந்துகினு கீறாரே, அவரு?"

ஷ்யாம்சுந்தர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வாசலில் கிட்டு சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிழலுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

"அது யாருன்னு எங்களுக்குத் தெரியாது சார். அது லோக்கல் மேட்டர்."

கீழே போய்ச் சொன்னேன். திட்டுவார், கடிதத்தைக் கிழிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. "பையில பாலாவுக்கு இடுப்பு பெல்ட் இருக்கு. நார்த்தங்காய் இருக்கு. அதுவாவது போகட்டும்" என்றார். பிறகு, "முதல்ல பை போகட்டும். போய்ச் சேர்ந்தாச்சுன்னு ஆனப்புறம் கேட்டா குடுக்காம இருப்பாளா?" என்றார். நம்பிக்கை இருந்தது அவருக்கு.

ஆறாம் தேதி மீனம்பாக்கத்தில் பையை ஏற்றினோம். அது பெட்டிகளோடு போகவில்லை. பயணி என்பதால் சீட் கொடுத்தார்கள். ஜன்னல் ஓரம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பணிப்பெண் அதை உருட்டிக்கொண்டு போவதைச் சார் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் அவர் போனுக்கு மெசேஜ். 'நல்வரவு திரு. கிட்டு. இன்று உங்கள் எழுநூற்று முப்பதாவது நாள். வாழ்த்துகள்.'

அந்த மெசேஜைக் காட்டி, சாரை அனுப்பக் கடிதம் கேட்டேன். ஷ்யாம்சுந்தர் சிரித்தார். முதல்முறையாகச் சிரித்தார்.

"சாரே போய்ச் சேர்ந்தாச்சு. போய்ச் சேர்ந்தவருக்கு மறுபடி எப்படி லெட்டர் குடுக்கறது? ரெண்டு பேர் ஆயிடுவாங்களே."

இனி அவர் இங்கே இருக்கலாமாம், யாரும் தொந்தரவு பண்ண மாட்டார்களாம். அங்கே அவருடைய நாள் தினமும் ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வரும் வழியில், குரோம்பேட்டைக்கும் முடிச்சூருக்கும் அலைந்த அந்த ஒன்றரை மாதத்தில் முதல்தடவையாக, வண்டியின் பின்சீட்டில் சார் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

*

பிப்ரவரி பதினெட்டாம் தேதி சாயங்காலம். கிட்டு சார் கடையில் என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாமியிடமிருந்து போன். கடையில் வண்டிச் சத்தம் அதிகம் என்று ஸ்பீக்கரில் போட்டார். மாமியின் குரல் ரொம்ப நாளைக்கப்புறம் தெளிவாக இருந்தது.

"ஏன்னா, நான் ஒண்ணு பண்ணியிருக்கேன். கோவிச்சுக்கப்படாது."

"சொல்லு."

"நீங்க வரமாட்டேள்னு புரிஞ்சுடுத்து. நாளன்னிக்கு ஆபரேஷன் ஆகட்டும். ரெண்டு மாசத்துல எலும்பு கூடிடும். அப்புறம் நானே அங்க வந்துடறேன். எனக்கு இந்த நிரந்தரமெல்லாம் வேண்டாம், நீங்க இருக்கற எடம் போறும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னிக்குக் காலம்பற நாள் நன்னா இருந்தது. பரஸ்தானம் ரெண்டு மாசமெல்லாம் தாங்காதுன்னு தெரியும். ஆனாலும் மனசு கேக்கலை. மிருதுளாகிட்ட குடுத்தனுப்பி, பக்கத்து ஆத்துல பரஸ்தானம் வெச்சுட்டேன். என் புடவை ரெண்டு, அவ்ளோதான்."

கிட்டு சார் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "எந்தப் பையில வெச்சே?"

"நீங்க அனுப்பினேளே, நீலப் பை. அதான் காலியா இருந்தது."

"பாலா. அதுல சிவப்பா ஒரு டேக் இருந்துதே."

"ஆமா, கழட்ட வரலை. இருந்துட்டுப் போறதுன்னு அப்படியே வெச்சுட்டா."

அவர் கையில் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. மாமியின் குரலுக்கு மேலே திரையில் மெசேஜ் வந்து நின்றது. அவருக்குக் கண்ணாடி இல்லை. நான்தான் படித்தேன். சத்தமாகப் படிக்கவில்லை, திரையை அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

'திருமதி பாலாம்பாள் (புடவை இரண்டு) இன்று காலை 10.40க்கு வீட்டை விட்டுப் புறப்பட்டதைக் குறித்துக்கொண்டோம். அவர் பயணம் முடியும்வரை அவரது மருத்துவ அட்டையும் 20ஆம் தேதி சிகிச்சையும் நிறுத்திவைக்கப்படுகின்றன. உங்கள் நாட்கள், எங்கள் அக்கறை. பயணம் இனிதாகட்டும்.'

"பாலா, அந்தப் பையைத் திரும்ப ஆத்துக்கு எடுத்துண்டு வரச்சொல்லு. இப்பவே."

"என்ன பேசறேள்? வெச்ச பையை எடுத்தா பயணம் முறிஞ்சுடும்னு நீங்கதானே சொல்லுவேள்?"

"முறியட்டும். எடுக்கச் சொல்லு."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமி யாரிடமோ ஏதோ கேட்பது தூரத்தில் கேட்டது.

"பக்கத்து ஆத்துக்காரா பூட்டிண்டு மத்தியானமே ஊருக்குப் போயிட்டாளாம். இருபத்திரண்டாம் தேதிதான் வருவாளாம்" என்றார் மாமி. "ஏன்னா, அப்படி என்ன அவசரம்? நாள்தான் ரொம்ப நன்னா இருந்ததே."